ரீச்சர் கண்ட ஐஞ்சு செட்டை

இரும் தம்பி அஜந்தன், இரும். அந்தக் கதிரை வேண்டாம், அதுக்குக் கீழாலை ஸ்பீக்கர் வயர் போகுது, காலாலை இழுத்தீரெண்டால் கடல் நிண்டுபோகும். இஞ்சாலை இரும். ரொறன்ரோவிலை இருந்து உவ்வளவு தூரம் பறந்து வந்தனீர், முதல் தேத்தண்ணியைக் குடியும்.

உந்தச் சத்தமோ? உதுதான் கடல். வெளிச்சவீட்டு முனைக்குக் கிட்டத் தண்ணிக்கு அடியிலை ஒரு மைக் இறக்கி விட்டிருக்கினம். அது பிடிக்கிற சத்தம் இன்ரநெற்றாலை என்ரை குசினிக்கு வருது. நான் சமைக்கிறது, சாப்பிடுறது, சாமி கும்பிடுறது எல்லாம் இந்த இரைச்சலோடைதான். ஓர்காத் திமிங்கிலம் வந்து கத்திச்சுதெண்டால் இந்த மேற்குக்கரை விக்ரோறியாவிலை அதை முதல் கேக்கிற ஆள் மார்க்கண்டு. ஆர் மார்க்கண்டு? நான்தான்.

நீர் ஏன் வந்தனீரெண்டு தெரியும். என்ரை மகள் வதனி உம்மடை அண்ணரைக் கட்டினவள், அந்த முறையிலை நீர் எனக்கும் ஒரு பிள்ளைதான், ஒளிச்சுக் கதைக்கத் தேவையில்லை. அப்பாவை ஒரேயடியாக் கூட்டிக்கொண்டு வா எண்டு அனுப்பியிருக்கிறாள். சனிக்கிழமைக்கு ரிக்கெற்றும் எடுத்துப்போட்டாளாம். ஏனெண்டு கேட்டால் எனக்கு இஞ்சை குளிராம். தம்பி, இஞ்சை பனி கொட்டினால் பேப்பரிலை படம் போடுவான்கள், அவ்வளவு அருமை. ரொறன்ரோ முழு ஐஸ்பெட்டி. அவள் ஐஸ்பெட்டிக்குள்ளை இருந்துகொண்டு எனக்குக் குளிருமெண்டு அழுகிறாள். ஆரோ அவளுக்கு ரெலிபோன் எடுத்து ஏதோ சொல்லியிருக்கினம். என்ன சொல்லிச்சினம் எண்டுதான் எனக்குப் பிடிபடேல்லை.

சரி, அது கிடக்கட்டும். என்னாலை ஏன் இப்ப வரேலாதெண்டு வடிவாச் சொல்லுறன். கேட்டிட்டு நீரே வதனிக்கு விளங்கப்படுத்தும்.

என்ரை மனுசி, வதனியின்ரை தாய், போனாப் பிறகு இந்த வீட்டிலை ஒரு சத்தம் இல்லை தம்பி. பிரிஜ் இரையிறது ஒண்டுதான். நான் சத்தத்தோடை வாழ்ந்த ஆள். பருத்தித்துறை டிப்போவிலை மெக்கானிக், பிறகு இஞ்சை வந்து பஸ் கராஜ். பஸ் வளவுக்குள்ளை திரும்பேக்கையே எந்தப் பெயாரிங் போச்சுதெண்டு சொல்லுவன். என்ரை காது பிழைச்சது கிடையாது. அப்ப ஒருநாள் லைப்ரரியிலை நோட்டீஸ் ஒட்டிக் கிடந்தது, கடலைக் கேக்க ஆக்கள் வேணுமெண்டு. போனன். மெலனி எண்டொரு பெட்டை, அவள்தான் எல்லாத்தையும் நடத்துறவள். எனக்கு ஒரு சத்தத்தைப் போட்டுக் காட்டி, இது என்னெண்டு கேட்டாள். கப்பல், அதின்ரை விசிறியிலை ஒரு இலை உடைஞ்சிருக்கு எண்டன். அண்டைக்கே என்னைச் சேத்துப்போட்டாள்.

ஓர்கா குடும்பம் குடும்பமாத்தான் திரியும். அம்மாக்காரிதான் எல்லாம். ஆம்பிளை வளந்து, முதுகுச் செட்டை ஆள் உயரத்துக்கு நிமிந்து நிண்டாலும் அம்மா திரும்பின பக்கம்தான் அவரும் திரும்புவார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு பேச்சு. மட்டக்களப்பான் வாயைத் திறந்த உடனை தெரியாதோ, அதுபோலை. ஒரு குடும்பம் துருப்பிடிச்ச கேற் திறக்கிற மாதிரிக் கத்தும். இன்னொண்டு ஈரக் கையாலை பலூனைத் தேய்ச்ச மாதிரி. வெள்ளையள் அவைக்கு எழுத்தும் நம்பரும் வைச்சிருந்தவை. எனக்கு உந்த நம்பர் ஒண்டும் மண்டையிலை நிக்காது. நான் எங்கடை ஒழுங்கையிலை இருந்த ஆக்களின்ரை பேரை வைச்சன். ஓயாமல் கத்துற அம்மாக்காரி சின்னத்தங்கம். செட்டை வளைஞ்ச மூத்த மகன் கோணல் செல்லையா. கடலைக் கேக்கிற ஆக்களின்ரை ரெலிபோன் குறூப்பிலை எழுதி எழுதி இப்ப எல்லாருக்கும் அது பழகிப்போச்சு. வெள்ளைக் கிழவன் ஒருத்தன் கரையிலை நிண்டுகொண்டு "செலையா, செலையா" எண்டு கத்துறான் தம்பி. உண்மையான செல்லையா கேட்டால் வழக்குப் போடுவார்.

ஆனால் கேட்டால் மட்டும் காணாது. ஒருத்தர் கண்ணாலை கண்டு சொல்ல வேணும். அங்கைதான் றெஜினா ரீச்சர் வாறா.

இளவாலைப் பக்கம், கொன்வென்ற்றிலை கணக்குப் படிப்பிச்சவா. புருசன் தவறி நாளாச்சு. அவாவின்ரை வீட்டுப் படலையைத் திறந்தால் வெளிச்சவீட்டு முனை. பைனோகுலரைப் பிடிச்சாவெண்டால், செட்டையிலை இருக்கிற வெட்டையும் அதுக்குப் பின்னாலை இருக்கிற சாம்பல் தழும்பையும் பாத்து, இது இன்னார், இது இன்னாற்றை மகன் எண்டு சொல்லுவா. பதினொரு வருசத்திலை ஒரு பிழை விடேல்லை. அவா கண்டன் எண்டு எழுதினால் கப்பல்காரன் கூட மெல்லமாப் போவான்.

எங்களுக்குள்ளை ஒரு ஒழுங்கு. நான் சத்தத்தைக் கேட்டால் முதல் குறூப்பிலை எழுதுவன், பிறகு அவாவுக்கு ரெலிபோன் எடுப்பன். அவா முனைக்குப் போய்ப் பாத்துச் சொல்லுவா. மற்றப்படி ரெலிபோன் இல்லை. எப்பிடி எடுக்கிறது? அவா புருசன் இல்லாத பொம்பிளை, நான் தனிச்ச ஆம்பிளை. விக்ரோறியாவிலை இருக்கிற எங்கடை சனம் முழுக்க ஒரு வானுக்குள்ளை அடங்கும், ஆனால் அவையின்ரை வாயை ஏத்த மூண்டு பஸ் காணாது. சும்மா எடுத்து, சாப்பிட்டியளோ ரீச்சர் எண்டு கேக்கேலுமோ? ஏலாது. ஓர்கா வந்தால் எடுக்கலாம். அது கடமை.

போன கோடை என்ன கோடை தம்பி. கிழமைக்கு நாலு தரம் வந்திச்சினம். நான் இஞ்சை ஸ்பீக்கரோடை, அவா அங்கை பைனோகுலரோடை, நடுவிலை ரெலிபோன். ரீச்சர், வடக்காலை சத்தம் எண்டு சொல்லுவன். காணேல்லை எண்ணுவா. இப்ப பாருங்கோ எண்ணுவன். கண்டன் எண்ணுவா. எனக்கு மயிர்க்கூச்செறியும். உப்பிடி ஒரு சோடி இந்தக் கரையிலை இல்லையெண்டு மெலனியே சொன்னவள். பிறகு அவை தண்ணிக்குள்ளை தாழுவினம். தாழ்ந்தால் கொஞ்சநேரம் எழும்பமாட்டினம். அந்த நேரம் ரெலிபோனை வைக்கேலுமோ? எந்த நேரம் எழும்புவினமோ தெரியாது. வைக்காமல் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு நிக்கவும் ஏலாதெல்லே, ஒரு கதை கதைப்பம். இண்டைக்கு என்ன கறி எண்டு கேப்பா. நண்டு எங்கை மலிவெண்டு நான் சொல்லுவன். கணக்கு வராத பிள்ளையளுக்குத் தான் மாபிளை வைச்சுப் படிப்பிச்ச கதை சொல்லுவா. சின்னத்தங்கம் தாழ்ந்தால் லேசிலை எழும்பாள். நல்ல மனுசி.

பிறகு ஒருமிக்கக் காணாமல் போச்சினம். அவை தின்னுற சமன் மீன் எங்கை போகுதோ அங்கைதான் அவையும். ரண்டு கிழமை தாண்டிச்சு, ஒரு சத்தம் இல்லை. ஸ்பீக்கரிலை வெறும் இரைச்சல். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டுது தம்பி. சாப்பாடு இறங்கேல்லை, நித்திரை இல்லை, நெஞ்சுக்குள்ளை ஏதோ ஒரு பாரம். வாயு எண்டு நினைச்சு ஓமத்தண்ணி குடிச்சன். ஓமத்தண்ணிக்கும் கேக்கேல்லை.

இனிச் சொல்லப்போறதை வதனிக்குச் சொல்லாதையும். ஒருநாள் விடியப்பறம், என்ரை ரெலிபோன் பழுதாப் போச்சுதோ எண்டொரு யோசினை வந்தது. சத்தியமா அதுதான் யோசினை. ஒருக்கால் எடுத்துப் பாப்பம், வேலை செய்யுதோ எண்டு. ஆருக்கு எடுக்கிறது? விடியப்பறத்திலை ரீச்சர்தான் எழும்பியிருப்பா. ஆனால் குறூப்பிலை எழுதாமல் எடுத்தால் ஏன் எடுத்தனியள் எண்டு கேப்பாவே. அதாலை, ஒரு ஒழுங்குக்குத்தான், எழுதினன்: சின்னத்தங்கம் குடும்பம் கேக்குது, முனைக்குக் கிட்ட.

எழுதிப்போட்டு எடுத்தன். முதல் மணியிலையே எடுத்தா. எந்தப் பக்கம் எண்டு கேட்டா. மேற்காலை எண்டன், வாயிலை வந்ததை. படலை திறக்கிற சத்தம் கேக்குது. சப்பாத்து கல்லிலை நடக்கிற சத்தம் கேக்குது. பிறகு நிண்டா. நிண்டாவெண்டால் நிண்டா தம்பி, ஒரு கதை இல்லை. எனக்கு வேர்த்து ஓடுது. ஒண்டும் இல்லையே மிஸ்டர் மார்க்கண்டு எண்டு இப்ப சொல்லப்போறா, நான் என்னத்தைச் சொல்லுறது? அப்பதான் சொன்னா.

"கண்டன். ஐஞ்சு செட்டை."

ரெலிபோன் கையாலை வழுகிப்போச்சு. நான் சொன்ன பொய், அங்கை கடலிலை உயிரோடை எழும்பி மூச்சு விடுது. எனக்குக் கேக்காதது என்ரை காதுக்குக் கேட்டிருக்கு தம்பி, அதாலைதான் என்ரை வாய் அப்பிடிச் சொல்லியிருக்கு. வேறை எப்பிடி? அவா ஒவ்வொருத்தராச் சொல்லுறா. முன்னுக்குச் சின்னத்தங்கம், பின்னுக்குச் செல்லையா, குட்டி அம்மாவோடை ஒட்டிக்கொண்டு போகுது எண்டு. பிறகு தாழ்ந்திட்டினம் எண்டா. அண்டைக்குத் தாழ்ந்தது போலை அவை ஒருநாளும் தாழேல்லை. ஒரு மணித்தியாலம் கதைச்சம். அவா சிரிச்சா. அவாவின்ரை வாய்விட்ட சிரிப்பை நான் அண்டைக்குத்தான் முதல்முதல் கேட்டனான். வைச்சாப் பிறகு ரண்டு முட்டை பொரிச்சுச் சாப்பிட்டன். வாயு பறந்துபோச்சு.

இதுக்குள்ளை குறூப்பிலை எல்லாரும் கேக்கினம், ஆர் கண்டது, ஆர் கண்டது எண்டு. ரீச்சர் எழுதிவிட்டா: நான் கண்டன், ஐந்து பேர். முடிஞ்சுது. ஒரு பெரிய சரக்குக் கப்பல் ஆமை மாதிரி ஊருது. சுற்றுலாப் படகு ஒண்டு சனத்தை அடைஞ்சுகொண்டு வருது. மெலனி தன்ரை ரப்பர் போட்டிலை கமெராவோடை பறக்கிறாள். எல்லாரும் முனையிலை சுத்திச் சுத்தி நிக்கினம். ஒரு செட்டை இல்லை. சுற்றுலாவுக்கு வந்த சனம் காசு குடுத்ததுக்கு மெலனியைப் படம் எடுத்துக்கொண்டு போச்சுதாம்.

அடுத்த கிழமை லைப்ரரிக்குப் பின்னாலை உள்ள அறையிலை கூட்டம். மெலனி ரண்டு விசயம் சொன்னாள். ஒண்டு, அண்டைக்குக் காலமை அந்த ஐஞ்சு பேரையும் வேறை ஆக்கள் படம் எடுத்திருக்கினம், ஒருநாள் முழுக்க நீந்தினாலும் இஞ்சை வரேலாத தூரத்திலை. ரண்டாவது, மைக்கிலை சிப்பி பிடிச்சுப்போச்சுதெண்டு முதல்நாள் பின்னேரமே அதைத் தண்ணியாலை தூக்கிப்போட்டினமாம். எல்லாருக்கும் ஈமெயில் போட்டதாம். நான் எங்கை ஈமெயில் பாக்கிறது. அண்டைக்கு மைக் கிடந்தது வேலைக்கொட்டிலிலை, மேசைக்கு மேலை, ஒரு ஃபானுக்குப் பக்கத்திலை. விடியப்பறம் முழுக்க நான் கடலெண்டு கேட்டது ஃபானைத்தான் தம்பி.

எல்லாரும் என்னைப் பாக்கினம். மெலனி மெதுவாக் கேட்டாள், நீ எப்பிடிக் கேட்டனி எண்டு. அப்ப ரீச்சர் எழும்பினா. இங்கிலீசிலைதான் சொன்னா, பிள்ளையளுக்குச் சொல்லுற மாதிரி நிறுத்தி நிறுத்தி.

"மிஸ்டர் மார்க்கண்டுவிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் அவருக்கு முதல் எடுத்தனான். மிதந்துவந்த மரக்குத்தியளைப் பாத்து ஓர்கா எண்டு சொன்னன். அவர் என்னை நம்பி எழுதினவர்."

பதினொரு வருசம் ஒரு பிழை விடாத மனுசி. அந்தச் செலையாக் கிழவன் தொப்பியைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு நிலத்தைப் பாக்கிறான். சட்டம் எண்டால் சட்டம்தானே, ரீச்சரைப் பாக்கிற வேலையிலை இருந்து நிப்பாட்டிப்போட்டினம். பாக்கிற ஆக்கள் போடுற மஞ்சள் அங்கியை மடிச்சு மேசையிலை வைச்சிட்டு நடந்து போனா. எனக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சு.

நெஞ்சு ஏன் வெடிச்சதெண்டு நினைக்கிறீர்? அவாவுக்கு வருத்தம் தம்பி, ஒரு நோய். மறதி. முதல் எடுத்தது நான், அவா தான் எடுத்தனெண்டு சொல்லுறா. மரக்குத்தியைப் பாத்துச் செல்லையா எண்டிருக்கிறா, அப்ப கண்ணும் போகுது. நான் விடேல்லை, அடுத்தநாளே மெலனியிட்டைப் போய், இல்லையம்மா, நான்தான் முதல் எழுதினது, அதுவும் ஒண்டும் கேக்காமலே எழுதினது எண்டு ஒப்புக்கொண்டன். அவள் என்ரை தோளிலை தட்டி, நீ ஒரு கனவான், அவாவைக் காப்பாத்தப் பாக்கிறாய் எண்டாள். உண்மையைச் சொன்னால் நம்புறாளில்லை, என்ன செய்யிறது.

ரீச்சரிட்டையும் கேக்கேலாது. மறதி உள்ளவையைத் திருத்தினால் மனம் நோகுமாம், வாசிச்சனான். அதாலை நான் வேறை வழி பாத்தன். மறதிக்கு வல்லாரை, கண்ணுக்குப் பொன்னாங்காணி. இந்தத் தீவிலை எங்கை வல்லாரை? கப்பல் ஏறி, அங்காலைப் பெருநிலத்துக்குப் போய், எங்கடை தமிழ்க்கடையிலை வாங்கிக்கொண்டு வந்து, ஒருநாள் வல்லாரைச் சம்பல், ஒருநாள் பொன்னாங்காணி வறை. நானே சமைச்சு நானே கொண்டுபோறன். கதவைத் திறந்து பெட்டியைப் பாப்பா, மூடியைத் திறந்து மணந்து பாப்பா, பிறகு சிரிப்பா தம்பி, கண்ணாலை தண்ணி ஓடும் மட்டும் சிரிப்பா. காரணமில்லாத சிரிப்பும் அந்த வருத்தத்தின்ரை ஒரு குணம்தானாம். ஆனால் முழுக்கச் சாப்பிடுவா. எனக்கும் ஒரு கோப்பையிலை சோறு போட்டுத் தருவா. ஊர்ச்சனம் என்ன கதைக்குமெண்டு முந்திப் பயந்தனான், இப்ப பயமில்லை, வருத்தக்காரரைப் பாக்கப் போறதை ஆர் என்ன சொல்லுறது?

நேற்றுத்தான் உம்மடை வரவைச் சொன்னன். சனிக்கிழமை ரிக்கெற் எண்டன். எத்தினை நாளைக்கு எண்டு கேட்டா. ஒரேயடியா எண்டு வதனி சொல்லுறாள் எண்டன். பிள்ளையள் கூப்பிட்டால் போகத்தான் வேணும் எண்டா. அண்டைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கேல்லை.

இண்டைக்கு விடியக் கேளும் கூத்தை. அவா எனக்கு ரெலிபோன் எடுக்கிறா. இவ்வளவு காலத்திலை அவா எடுத்தது இதுதான் முதல்தரம். ஐஞ்சு பேரும் முனையிலை நிக்கினமாம். நான் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிப் பாத்தன், ஒண்டும் இல்லை. மைக் தண்ணிக்குள்ளைதான் கிடக்கோ எண்டு ஈமெயிலையும் பாத்தன், கிடக்குது. ரீச்சர், ஒரு சத்தமும் இல்லையே எண்டன்.

"சத்தம் போடாமலும் வருவினம் மிஸ்டர் மார்க்கண்டு. நீங்கள் ஒருக்கால் வந்து பாருங்கோவன்."

என்னை ஒருநாளும் முனைக்கு வாங்கோ எண்டு கேட்டதில்லை. என்ரை வேலை கேக்கிறது, நான் ஏன் அங்கை? வருத்தம் முத்திப்போச்செண்டு விளங்கிச்சுது. ரீச்சர், நீங்கள் உள்ளுக்குப் போய்ப் படுங்கோ, நேற்றுச் சொன்ன தம்பி அஜந்தன் வாறார், அவரோடை பிறகு வாறன் எண்டன். பரவாயில்லை, நான் இஞ்சைதான் நிக்கிறன் எண்டா. அவ்வளவுதான். இனிச் சொல்லும், இந்த நிலையிலை அவாவை விட்டிட்டு நான் எப்பிடி ரொறன்ரோவுக்கு வாறது? அவாவுக்குக் கூடப்பிறந்தவையும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவாவை ஆர் பாக்கிறது?

ஏன் தம்பி சிரிக்கிறீர்? இதிலை என்ன சிரிப்பு? என்ன... என்ன கேட்டனீர், திருப்பிச் சொல்லும்.

அண்டைக்குக் கடலிலை ஒண்டும் இல்லையெண்டு அவாவுக்குத் தெரியாதோ எண்டோ?

அவாவுக்கு... பதினொரு வருசம் விடிய விடியக் கடலைப் பாத்த மனுசிக்கு மரக்குத்தி தெரியாமல்...

பொறும். கதையாதையும். பொறும்.

முதல் மணியிலையே எடுத்தாவே. அப்ப ரெலிபோனுக்குப் பக்கத்திலை இருந்திருக்கிறா. அவாவுக்கும் ரண்டு கிழமை... ஒண்டும் இல்லையெண்டு கண்டுதான் அவ்வளவு நேரம் பேசாமல் நிண்டிருக்கிறா. நான் பொய் சொல்லுறன் எண்டு தெரிஞ்சு, தெரிஞ்சுகொண்டு, கண்டன் எண்டிருக்கிறா. குட்டி அம்மாவோடை ஒட்டிக்கொண்டு போகுதெண்டு எனக்குச் சோடிச்சுச் சோடிச்சுச் சொல்லியிருக்கிறா. பிறகு அத்தினை பேருக்கு முன்னாலை எழும்பி, என்ரை பிழையைத் தன்ரை தலையிலை போட்டு... நான் என்ன செய்தனான் தம்பி? வல்லாரை குடுத்தனான். ஐயோ, வல்லாரை குடுத்தனான்.

நீர் சிரியும், சிரியும், நானும்தான் சிரிக்கிறன், எனக்குக் கையும் ஓடேல்லை காலும் ஓடேல்லை. அப்ப நான் ரீச்சர் வீட்டுக்குச் சாப்பாடு காவுறன் எண்டு வதனிக்கு ரெலிபோன் எடுத்த ஆளுக்கும் விசயம் தெரியும். வதனிக்கும் தெரியும். உமக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

இப்ப எத்தினை மணி? பத்தரையோ? விடிய எடுத்தவா தம்பி. இஞ்சைதான் நிக்கிறன் எண்டவா. எழும்பும், கார் திறப்பு எங்கை? அந்த நீலச் சுவெற்றரை எறியும், இல்லை, அது வேண்டாம், அது கறிவாசம். நல்லது ஒண்டும் இல்லையே என்னட்டை. சரி விடும், வாரும்.

இதிலை வலப்பக்கம் திருப்பும். நேரை விடும். சாக்கு ஒண்டும் யோசிக்கேல்லை தம்பி, என்னத்தைச் சொல்லுறதெண்டும் தெரியேல்லை. இந்த வயசிலை கன்னம் சுடுது, பாத்தீரோ, வெக்கமாக் கிடக்கு, சந்தோசமாக் கிடக்கு, எல்லாம் ஒண்டாக் கிடக்கு. சனிக்கிழமை நீர் ரண்டு சீற்றிலையும் காலை நீட்டிக்கொண்டு வசதியாப் போம். வதனி அழுவாள், பிறகு சிரிப்பாள், அவள் என்ரை பிள்ளை.

அந்தா. அந்தா நிக்கிறா. கையிலை பைனோகுலர் கூட இல்லை, பாரும், வெறுங்கடலைப் பாத்துக்கொண்டு. ஒரு கணக்குக்குக் கூடப் பிழை விடை சொல்லத் தெரியாத மனுசி, எனக்காக எத்தினை பொய் சொல்லிப்போட்டா. இனி ஒண்டும் சொல்ல வைக்கக் கூடாது தம்பி. காரை இதிலையே நிப்பாட்டும், நான் இறங்கி நடந்து போறன்.